அறிஞர் பிஷரும் எம் மலைநாட்டுத் தேயிலையும்

ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தோட்டங்களை அறிந்தோர் யாவரும் இத்தகைய காட்சியொன்றைக் கண்டிருப்பர். தேயிலை மலைகள் இரண்டு அடுத்தடுத்துக் கிடக்கும். ஒன்றுக்குப் புதிய பசளை இடப்படும். மற்றதற்கு வழக்கமான பசளையே. சில மாதங்கள் கழியப் புதுப்பசளை பெற்ற மலையிலே கொழுந்து மிகும். துரை பசளையைப் புகழ்வார். அதனை விற்றவர் அவரினும் மிகுதியாகப் புகழ்வார். கங்காணி மாத்திரம் வாய் திறவாது நிற்பார். அந்த மலை அடிவாரத்தது என்பதும், மேற்சரிவில் மழை கழுவிய நல்ல மண்ணெல்லாம் அங்கே வந்து தங்குகின்றது என்பதும், அடுத்த மலை அண்மையிலேதான் கவ்வாத்து வெட்டப்பட்டு இன்னும் தேறவில்லை என்பதும் அவர் அறிந்தவை. கொழுந்து மிகுந்தது மெய். அது பசளையால் மிகுந்ததா, மண்ணால் மிகுந்ததா, கவ்வாத்தின் காலத்தால் மிகுந்ததா என்று கேட்டால் ஒருவராலும் விடை கூற இயலாது. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை அறியாதார் இலர். அக்கதையிற் சிறு மாற்றமொன்று செய்து பார்ப்போம். பெருங்காற்று எழுகின்றது. காற்றுக்கு அஞ்சிய காகம் பனையிலே வந்து ஒதுங்குகின்றது. அதே காற்றுப் பழத்தையும் உதிர்க்கின்றது. நூறு முறை காற்று எழுந்தால் நூறு முறையும் காகம் வரும்; பழமும் விழும். பார்த்திருப்பவர் காகமே பழத்தை வீழ்த்துவது என்று சத்தியம் செய்வார். இவ்வாறு இரண்டுக்கும் பின்னே மறைந்து நின்று, ஒன்றை மற்றதன் காரணம் போலக் காட்டும் பொருளைக் கலப்புக் காரணம் என இக்கட்டுரையில் வழங்குவோம். அக்காற்றைப் பிரித்தெடுக்கும் வழியை உலகுக்கு வகுத்துத் தந்தோருள் முதல்வர் சேர் றொனால்ட் எயில்மர் பிஷர்.

விஞ்ஞானி ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியருக்கு இது தகுமோ எனச் சிறிது தயங்கினோம். நியூட்டனைப் பற்றியும் எடிசனைப் பற்றியும் மாணவர் ஆண்டுதோறும் எழுதிவருகின்றனர். பிஷரை யாம் தெரிந்தெடுத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. புள்ளிவிபரவியல் பயில்வோர் உலகெங்கும் கற்ற அவரது நூலொன்றிலே, எம் நாட்டுத் தேயிலைத் துண்டங்கள் பதினாறின் கணக்கு இடம்பெற்றுள்ளது. எம் பழைய மாணவருள் அதனை அறிந்தோர் சிலரே ஆவர்.

பிஷர் 1890ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் 17ஆந் திகதி இலண்டன் மாநகரின் கிழக்குப் பின்ச்லி என்னுமிடத்திற் பிறந்தார். இரட்டைக் குழந்தைகளுள் ஒருவர் அவர். உடன்பிறந்தது உயிரின்றிப் பிறந்தது. தந்தையார் ஏலவிற்பனைத் தொழிலிற் பொருளீட்டியவர். பதினான்கு வயதில் அன்னையை இழந்த சிறுவர், புகழ்பெற்ற ஹரோ பாடசாலையிற் கல்வி பயின்றார். அவருடைய கண்கள் மிகவும் நலிந்தவை. மின்விளக்கின் ஒளியிற் படித்தலாகாது என மருத்துவர் தடுத்துவிட்டனர். ஆதலால் மாலை வேளையிற் கற்பிக்க வந்த ஆசிரியர், தாளும் எழுதுகோலுமின்றி வாய்மொழியாகவே கணிதத்தைச் சொல்லிக் கொடுத்தார். மாணவரும் கோடுகளையும் வடிவங்களையும் மனத்திலேயே வரைந்து பழகினார். திண்ணைப் பள்ளியில் மனக்கணக்குப் போட்ட எம் முன்னோரை இது நினைவூட்டுகின்றது. பிற்காலத்தில் விடை அவருக்கு முன்னே தோன்றிவிடும். அதனை அடைந்த வழியை எழுதிக் காட்டுதலே அரிதாயிருக்கும். அவருடைய கட்டுரைகளைப் படித்த கணித வல்லுநர் பலர், இடைப்படிகள் எங்கே எனத் தேடித் தவித்தனர்.

1909இற் கேம்பிரிட்ஜ் சென்று, கொன்வில் அன் கீஸ் கல்லூரியிற் கணிதம் கற்று 1912இற் பட்டம் பெற்றார். அதன்பின் சில ஆண்டுகள் நிலையின்றி அலைந்தார். கனடாவிற் பண்ணையொன்றிற் சிறிது காலம் உழைத்தார். இலண்டனில் முதலீட்டு நிறுவனமொன்றிற் கணக்குப் பார்த்தார். 1914இல் மூண்ட போரிற் சேர விரும்பியவரைப் பார்வைக் குறையைக் காட்டித் திருப்பி அனுப்பினர். 1915 தொடங்கி 1919 வரை பாடசாலை ஆசிரியராயிருந்தார். அத்தொழிலில் அவர் சோபிக்கவில்லை. வகுப்பை அடக்கி ஆளவும் தெரியவில்லை. மந்த மாணவருக்காகக் காத்து நிற்கவும் பொறுமையில்லை. பேரறிஞர் எல்லாரும் நல்லாசிரியராவர் என எண்ணுதல் தவறென்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. பயிற்சிக் கலாசாலையிற் பயின்று வந்த எம்போன்றோர்க்குச் சிறு ஆறுதலுமாம்.

1919இல் இரண்டு அழைப்புகள் அவரை நாடி வந்தன. ஒன்று இலண்டனில் அக்காலத்துப் புள்ளிவிபரவியலின் பேரரசராய் வீற்றிருந்த கார்ல் பியர்சனின் ஆய்வுகூடத்திலிருந்து. மற்றது ரொதம்ஸ்டெட் என்னும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. பியர்சனின் கீழிருந்தால் தம் கருத்துப்படி எழுத முடியாது என அஞ்சிய பிஷர், தற்காலிகப் பதவியேயாயினும் ரொதம்ஸ்டெட்டையே ஏற்றார். அங்கே 1843 தொடங்கிக் கோதுமை விளைவுக் கணக்குகள் மலைபோற் குவிந்து கிடந்தன. அவற்றிலிருந்து பயனுள்ள செய்தி ஏதேனும் கிடைக்குமா என்று பார்ப்பதே அவருக்கு இட்ட பணி.

புரோட்பாக் என்பது அந்நிலையத்தின் பழைய கோதுமை வயல். ஒவ்வொரு துண்டத்துக்கும் ஒவ்வொரு பசளை. ஆண்டுதோறும் அதே பயிர். அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட விளைவுகளைப் பிஷர் பிரித்துப் பார்த்தார். ஆண்டுக்காண்டு மழையாலும் வெயிலாலும் வரும் ஏற்ற இறக்கம் ஒரு பங்கு. மண்வளம் சிறிது சிறிதாகக் குன்றுதலால் வரும் வீழ்ச்சி மற்றொரு பங்கு. இவ்விரண்டையும் கழித்த பின்னும், பல ஆண்டுகளுக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அலைபோன்ற மாற்றமொன்று எஞ்சி நின்றது. வெவ்வேறு பசளை பெற்ற துண்டங்களிலும் அவ்வலை ஒத்தே காணப்பட்டமையால், அது பசளையின் விளைவாதல் இயலாது. பிஷரின் ஐயம் களைகளின்மேற் சென்றது. முற்காலத்திற் சிறுவரைக் கொண்டு கைக்களை பிடுங்குவித்தனர். 1876இலும் 1880இலும் பிறந்த கல்விச் சட்டங்கள் அச்சிறுவரைப் பாடசாலைக்கு அழைத்தன. பிள்ளைகள் பள்ளி சென்றனர், வயலிற் களை மிகுந்தது, கோதுமை குறைந்தது. மண்ணின்மேற் சுமத்தியிருக்கக்கூடிய பழி இவ்வாறு நீங்கிற்று. மலைநாட்டிலும் பிள்ளைகள் புல்லுப் பிடுங்கவும் கொழுந்தெடுக்கவும் போய்ப் படிப்பிழந்த காலம் உண்டு. அதனை அறிந்த எமக்கு, ஓர் அரிய கணக்கிற் பாடசாலையே மறைந்துநின்ற காரணமாக வெளிப்பட்டமை தனிச் சுவையுடையதாகத் தோன்றுகின்றது.

ஆயினும் பழைய கணக்குகளோடு போராடிய அனுபவம் பிஷருக்கு ஓர் உண்மையை உணர்த்திற்று. பரிசோதனை முடிந்த பின்பு காரணங்களைப் பிரிப்பது பெரும்பாடு. தொடங்குமுன்னரே அவை கலவாதபடி அமைத்தலே அறிவுடைமை. 1926இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலும், 1935இல் வெளிவந்த பரிசோதனைகளை அமைத்தல் பற்றிய நூலிலும் இம்முறையை விரித்துரைத்தார்.

அவர் முறையை எம் தோட்டத்து மலையில் வைத்தே விளக்குவோம். நான்கு பசளைகளை ஒப்பிட வேண்டுமாயின், மலையைப் பதினாறு சம துண்டங்களாகப் பிரிக்க வேண்டும். சரிவின் குறுக்காக நான்கு வரிசை, மேலிருந்து கீழாக நான்கு நிரல். ஒவ்வொரு பசளையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒருமுறை, ஒவ்வொரு நிரலிலும் ஒருமுறை வருமாறு இட வேண்டும். இதற்கு இலத்தீன் சதுரம் என்று பெயர். மேட்டு மண்ணின் குறையும் பள்ளத்து மண்ணின் வளமும் நான்கு பசளைக்கும் ஒப்பப் பங்கிடப்படும். ஒரு பக்கத்திற் காற்று மிகுந்தால் அதுவும் அவ்வாறே. யாம் அறிந்த காரணங்கள் இவ்வாறு கட்டுண்டன.

அறியாத காரணங்களை என் செய்வது? மண்ணுக்கடியிற் பாறை இருக்கலாம். ஒரு மூலையில் வேரைத் தின்னும் புழு இருக்கலாம். பசளையிடுவோர் தம்மை அறியாமலே நல்ல துண்டத்தை விரும்பிய பசளைக்கு ஒதுக்கிவிடலாம். இவ்விடத்திலேதான் பிஷரின் தனித்திறம் விளங்குகின்றது. எத்துண்டத்துக்கு எப்பசளை என்பதை மனிதர் முடிவு செய்யாது, விதிக்கு அமைந்த சதுரங்களுள் ஒன்றைத் திருவுளச்சீட்டுப் போட்டு எழுமாறாக எடுக்க வேண்டும் என்றார். உத்தரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலை முறையை நினைந்து கொள்க. குடத்தினின்று ஓலையை எடுக்கும் சிறுவனுக்கு உறவுமில்லை, பகையுமில்லை. அதுபோலச் சீட்டுக்கும் பாறை தெரியாது, புழுத் தெரியாது, துரையின் விருப்பமும் தெரியாது. அறியாத காரணம் ஒரு பசளைக்கு வாய்ப்பாகத் தற்செயலாக அமைதல் கூடும். அவ்வாறு அமைவதற்குள்ள வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கணித்தே சொல்லிவிடலாம். ஒழுங்காக மாறிமாறி இடுவதே சிறந்தது என்று வாதாடியோர் பலர். அவர்களோடு பிஷர் நெடுநாள் போரிட்டார். அவர் நாவும் எழுதுகோலும் இனியன என்று எவரும் சொல்லார்.

இனி அப்பதினாறு துண்டங்களின் கதை. ரொதம்ஸ்டெட்டிற் பிஷரோடு இணைந்து 1927இல் ஓட்ஸ் பயிரைப் பற்றியும் 1929இல் உருளைக்கிழங்கைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டவர் தோமஸ் ஈடன். அவர் இலங்கைக்கு வந்து தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் வேளாண் இரசாயனராகப் பணியேற்றார். 1925இல் நிறுவப்பட்ட அந்நிலையம் பின்னர்த் தலவாக்கலையிற் சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. ஹற்றனிலிருந்து நுவரெலியா செல்லும் வழியில் அதனைக் கடவாத மாணவர் எம் கல்லூரியில் இலர். தேயிலைப் பரிசோதனையில் உண்டாகும் பிழைகளைப் பற்றி ஈடன் 1931இல் ஒரு கட்டுரை எழுதினார். கோதுமையிலிருந்து தேயிலை ஒரு வகையில் வேறுபட்டது. கோதுமையை ஆண்டுதோறும் புதிதாக விதைக்கலாம். தேயிலையோ நட்டால் நட்டதுதான். பல பதின்ம ஆண்டுகள் அதே செடி, அதே இடம். ஒரு துண்டத்திற் செடி நன்கு வேரூன்றியிருந்தால் அந்நன்மை எந்நாளும் தொடரும். பசளை இடுமுன்னரே துண்டங்கள் சமமற்றவை.

குறையாகத் தோன்றும் இதனையே பிஷர் கருவியாக்கினார். பரிசோதனைக்கென ஒதுக்கிய பதினாறு துண்டங்களிலும், முன்னே ஒரு காலப்பகுதியிற் பறித்த கொழுந்தையும் பின்னே ஒரு காலப்பகுதியிற் பறித்த கொழுந்தையும் ஈடன் தனித்தனியே நிறுத்திருந்தார். ஒவ்வொரு பகுதியும் பதினான்கு முறை கொழுந்து பறிக்கும் காலம். முன்பு மிகுதியாகத் தந்த துண்டம் பெரும்பாலும் பின்பும் மிகுதியாகவே தந்தது. ஆகவே ஒரு துண்டத்தின் பழைய விளைவைக் கொண்டு அதனிடம் எதிர்பார்க்கத் தக்கது எவ்வளவு என்று கணிக்கலாம். பசளையிட்ட பின் கிடைத்த விளைவிலிருந்து அவ்வெதிர்பார்ப்பைக் கழித்தால், துண்டத்தின் பிறவி நன்மையும் பிறவிக் குறையும் நீங்கிவிடும். உதாரணமாக, என்றும் 100 கூடை தந்த துண்டம் இப்போது 112 தருமாயின் அது வியப்பு. என்றும் 110 தந்த துண்டம் 112 தருமாயின் அதில் வியப்பில்லை. கங்காணி தலையிலே வைத்திருந்த அறிவைப் பிஷர் கணக்கேட்டிலே ஏற்றிவிட்டார் எனலாம். 1932இல் வெளிவந்த அவரது புள்ளிவிபர நூலின் நான்காம் பதிப்பில் இம்முறை இத்தேயிலைக் கணக்கைக் கொண்டே விளக்கப்பட்டது. இன்று மருத்துவத்திலும் கல்வியிலும் பொருளியலிலும் இது வழங்காத இடமில்லை.

கல்வியில் இதன் பயனை யாமே பட்டுணர்ந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் சாதாரணதர மாணவர்க்குச் சனிக்கிழமைகளில் மேலதிகத் தமிழ் வகுப்பு நடத்தினோம். வந்த மாணவர், வராதோரினும் மிகச் சிறந்த பெறுபேறு பெற்றனர். அப்பெருமையை ஆசிரியர் ஓய்வறையிற் பலமுறை எடுத்துரைத்தோம். கணித ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே அம்மாணவரின் முந்திய ஆண்டுப் புள்ளிகளைக் கேட்டார். எடுத்துப் பார்த்தால், வகுப்புக்கு வந்தோர் முன்னரே சிறந்த மாணவர். வீட்டில் விளக்கும் மேசையும் உடையோர். தொலைவிலுள்ள தோட்டத்து லயங்களிலிருந்து வரவேண்டியோர் பலர் வந்திலர். முந்திய புள்ளிகளைக் கழித்துப் பார்த்தபின் எம் வகுப்பின் பெருமை மிகவும் சுருங்கிற்று. முற்றும் மறையவில்லை என்பதையும் எம் மதிப்பைக் காக்கும்பொருட்டுச் சொல்லி வைக்கின்றோம்.

தேயிலை பிஷரின் வாழ்விற் பிறிதொரு முறையும் புகுந்தது. ரொதம்ஸ்டெட்டில் மாலைத் தேநீர் வேளையில், மியூரியல் பிறிஸ்டல் என்னும் பெண் அறிஞர், பாலை முன்னே ஊற்றியதா தேநீரை முன்னே ஊற்றியதா என்பதைச் சுவையாலே அறிவேன் என்றாராம். பிஷர் எட்டுக் கோப்பைகளை எண்ணினார். நான்கு ஒருவகை, நான்கு மறுவகை. எட்டிலிருந்து நான்கைத் தெரிய 70 வழிகள் உண்டு. வெறும் ஊகத்தால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு எழுபதில் ஒன்றே. ஆனால் ஒருவகைக் கோப்பைகள் எல்லாம் முன்னே வந்து மறுவகை பின்னே வந்தால், பின்னையவை ஆறிப்போம். சுவையைக் காட்டியது சூடா, பாலா என்பது தெரியாது. கோப்பையின் தடிப்பு, சீனியின் அளவு, தேநீரின் கடுமை என்று ஐயங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாவற்றையும் சமமாக்குதல் ஒருவராலும் ஆகாது. கோப்பைகளின் வரிசையை எழுமாறாக அமைத்தால் எல்லா ஐயமும் ஒருங்கே அடங்கும். 1935ஆம் ஆண்டு நூலில் இந்நிகழ்ச்சியை ஓர் அத்தியாயமாக விரித்தவர், முடிவைச் சொல்லாமலே விட்டுவிட்டார். அம்மையார் எட்டையும் சரியாகச் சொன்னார் என்றொரு செய்தி வழங்கி வருகின்றது.

1933இல் இலண்டனிற் பேராசிரியராகவும், 1943இற் கேம்பிரிட்ஜிற் பிறப்புரிமையியற் பேராசிரியராகவும் உயர்ந்தார். அதே 1943இல் விமானப்படையிற் பணியாற்றிய அவர் மூத்த மகன் உயிரிழந்தார். 1938இற் கல்கத்தா சென்று, மகலநோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளிவிபர நிறுவனத்தோடு நெருங்கிய உறவு கொண்டார். 1952இற் சேர் பட்டம் கிடைத்தது.

அவர் வாழ்வின் மாலைப்பொழுதைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. 1950இல் றிச்சட் டோல், ஒஸ்ரின் பிறாட்போட் ஹில் என்னும் இருவர், நுரையீரற் புற்றுநோய்க்கும் புகைத்தலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று காட்டினர். 1951 தொடங்கி ஏறத்தாழ 40,000 மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்து, 1954இல் அதனை மேலும் உறுதி செய்தனர். ஹில் வேறு யாருமல்லர். 1948இல் வெளிவந்த காசநோய் மருந்துப் பரிசோதனையில் எழுமாற்று முறையை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றவர். ஆயினும் புகைத்தலை அவ்வாறு பரிசோதித்தல் இயலாது. சீட்டுப் போட்டு ஒருவனைப் புகைக்க ஆணையிடுவது எங்ஙனம்?

இந்த இடைவெளியிற் பிஷர் புகுந்தார். 1957 தொடங்கி எழுதிய கடிதங்களில், காகத்தையும் பழத்தையும் ஒருங்கே அசைக்கும் காற்று இங்கும் இருக்கலாம் என்று வாதித்தார். பிறப்பிலே அமைந்த ஒரு கூறு சிலரைப் புகைக்கவும் தூண்டலாம், அவர்க்கே நோயையும் தரலாம் என்பது அவர் கருத்து. ஒத்த இரட்டையர் புகைப்பழக்கத்திலும் பெரிதும் ஒத்திருப்பதை 1958இற் சான்று காட்டினார். தாமே இரட்டையருள் ஒருவர் என்பது நினைவிற்கு வருகின்றது. அவர் சுங்கான் புகைப்பவர் என்பதும், புகையிலை உற்பத்தியாளர் குழுவொன்றின் ஆலோசகராயிருந்தார் என்பதும் உண்மை. காசுக்காக எழுதினார் என்று யாம் கூறமாட்டோம். தம் ஐயத்தை மெய்யாகவே நம்பினார் என்றே தோன்றுகின்றது. ஐயமும் அறிவுக்குப் பொருந்தியதே. தவறு அதற்கு அடுத்த படியிலே நிகழ்ந்தது. மறைந்த காரணம் இருக்கலாம் என்று சொன்னவர், அஃது எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும் என்று அளந்து பார்த்தாரல்லர். அதனை 1959இற் கோண்பீல்ட் என்னும் அமெரிக்கரும் அவர் துணைவரும் அளந்தனர். புகைப்போர்க்கு நோய் ஒன்பது மடங்கு மிகுமாயின், அதற்குப் பொறுப்பான மறைகாரணமும் புகையாதோரினும் புகைப்போரிடம் குறைந்தது ஒன்பது மடங்கு மிகுந்திருத்தல் வேண்டும். அத்துணைப் பெரிய காரணத்தை எவரும் காட்டவில்லை. மண்ணின் வேறுபாட்டை நூற்றுக்கு இத்தனை என்று அளந்து கழித்தவர், இவ்விடத்தில் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை 1964இல் வெளிவந்து வழக்கை முடித்தபோது அவர் உயிரோடிருக்கவில்லை.

மற்றொன்றும் உண்டு. மனிதரின் தகுதி பிறப்பிலேயே பெரிதும் அமைகின்றது என்றும், மேலோர் பெருகவும் பிறர் குறையவும் வேண்டும் என்றும் கூறிய இனமேம்பாட்டுக் கொள்கையை இளமை முதல் அவர் பற்றி நின்றார். தேயிலைச் செடியின் விளைவை மதிக்குமுன் அதன் மண்ணைக் கழிக்கத் தெரிந்தவர்க்கு, மனிதன் வளர்ந்த மண்ணாகிய வறுமையையும் கல்லாமையையும் கழித்துப் பார்க்கத் தோன்றாதது எம்மை வருத்துகின்றது. பிறப்பைக் காட்டிப் பின்னே தள்ளப்பட்ட மக்கள் வாழும் மலைகளிலிருந்து இதனை எழுதுகின்றோம். கேம்பிரிட்ஜில் அவர் கல்லூரியின் உணவு மண்டபத்தில், அவர் நினைவாக இலத்தீன் சதுரம் ஒன்று வண்ணக் கண்ணாடிச் சாளரமாக அமைக்கப்பட்டிருந்தது. அதனை 2020இல் அக்கல்லூரியே அகற்றிவிட்டது. சதுரத்தின் மேல் யாதொரு பழியுமில்லை.

ஓய்வுபெற்றபின் அவுஸ்திரேலியா சென்ற பிஷர், 1962ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29ஆந் திகதி அடிலெயிட் நகரிற் காலமானார். அவரது சாம்பல் அந்நகரத்துச் சென் பீற்றர் தேவாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. இறுதிக் காலத்திலும் தம் முதல் நூலைத் திருத்திக்கொண்டிருந்தார். அதன் பதினான்காம் பதிப்பு அவர் மறைந்து எட்டு ஆண்டுகளின் பின், 1970இல் வெளிவந்தது. ஈடன் நிறுத்தளித்த பதினாறு தேயிலைத் துண்டங்களும் அதில் இருந்தன.